பெண் வயிற்றுப் பேரன்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. பட்டுப் புடவை வாங்கப் போய், போன இடத்தில் ஸ்வாமி தரிசனமும் செய்துவிட்டு வருகிறவர்கள் ஒரு வகை. ஸ்வாமி தரிசனத்துக்கென்று போய், கையில் ஒரு புடவைப் பெட்டியோடு திரும்புகிறவர்கள் இன்னொரு வகை. நாங்கள் முதல் வகை. நேயர்களிடம் உண்மையை மறைப்பானேன்?

நாங்கள் என்றால் நான், என் பெரியம்மா, பெரியம்மாவின் பேரன் அம்பி. அம்பிக்கு அடுத்த மாதம் பூணூல். பெரியம்மாவுக்கு ஒரே பெண், பிள்ளை கிடையாது. அதாவது அம்பிக்குத் தாய்மாமன் இல்லை. ஆகையால் பாட்டி செய்ய வேண்டிய சீரையும், மாமன் செய்ய வேண்டிய சீரையும் பெரியம்மா ஒருத்தியே செய்வதென்று கங்கணம் கட்டிக்கொண்டு புறப்பட்டிருந்தாள். பெண்ணுக்கு ஒரு புடவை, சம்பந்தியம்மாளுக்கு ஒரு புடவை, அம்பிக்குப் பட்டு வேஷ்டி. தனக்கு? "எனக்கு என்னத்துக்குடி? நான் என்ன மணையிலா உட்காரப் போகிறேன்?" என்று சொல்லிவிட்டாள்.

புடவைக் கடையில் பணம் எடுக்கப் பையைத் திறந்தபோது ஒரு காகிதம் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். பூணூல் பத்திரிகையின் புரூப். அச்சாபீஸிலிருந்து வந்து, திருத்தம் பார்ப்பதற்காகப் பெண் கொடுத்து அனுப்பியிருந்தது. அதில் இன்னாருடைய பௌத்ரனும் இன்னாருடைய புத்திரனுமான சிரஞ்சீவி என்று அம்பியின் அப்பா வழிப் பெயரெல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தன. இன்னாருடைய தௌஹித்ரன் என்று ஒரு வரி இருக்க வேண்டும் அல்லவா? பெண் வயிற்றுப் பேரன் என்பதற்கான அந்த ஒரு வரி இல்லை. என் பெரியப்பாவின் பெயர் எங்குமே இல்லை.

"பெரியம்மா, இது..." என்று ஆரம்பித்தேன்.

"இடம் போதவில்லையாம். இருக்கட்டும், விடு" என்றாள் பெரியம்மா. காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பெரியப்பா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு மேல் நானும் பேசவில்லை.

திரும்பும் வழியில் வாலாஜாபாத்தைத் தாண்டிச் செங்கற்பட்டு ரஸ்தாவில் வரும்போது, பழைய சீவரம் என்ற ஊர் வருகிறது. ஒரு பக்கம் சிறு மலை, அதன் மேல் லக்ஷ்மி நரசிம்மர். இன்னொரு பக்கம் பாலாறு. அங்கே ரஸ்தாவை விட்டுத் திரும்பி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அக்கரையில் இருக்கிறது திருமுக்கூடல். "இவ்வளவு தூரம் வந்தோம், பெருமாளை ஸேவித்துவிட்டுப் போவோம்" என்று பெரியம்மா சொன்னாள். காரைத் திருப்பச் சொன்னேன்.

நேயர்களே, பாலத்தின் நடுவில் நின்று பாருங்கள் என்று உங்களுக்குச் சிபார்சு செய்வேன். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகள் சேருகிற இடம் அது. முக்கூடல் என்ற பெயர் அதனால் வந்ததுதான். நாங்கள் பார்த்த அன்று மூன்று ஆறுகளும் சேர்ந்து ஒரு பெரிய மணல்வெளியாக இருந்தன. நடுவில் வேஷ்டிக் கரை மாதிரி ஒரு ஜலக்கோடு. ஆனாலும் என்ன பரப்பு! கண்ணுக்கு எட்டிய மட்டும் வெண்மணல்.

"சித்தி, மூணு ஆறும் சேர்ந்த பிறகு அதற்கு என்ன பேர்?" என்று அம்பி கேட்டான்.

"பாலாறுதான். வாயலூர் பக்கம் கடலில் சேருகிற வரைக்கும் பாலாறு."

"வேகவதியும் செய்யாறும் என்ன ஆச்சு?"

"தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பேரைக் கழற்றி வைத்துவிட்டன, பெண்பிள்ளைகள் மாதிரி" என்றாள் பெரியம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவனுக்கு ரகசிய எழுத்துக்களில் மோகம். எந்த நோட்டைப் பிரித்தாலும் கோடும் வளைவுமாக ஏதாவது கிறுக்கி வைத்திருப்பான். அன்று காலையில் தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் வரையில் எங்கள் இருவருக்கும் அவன் நடத்திய பாடம், தங்குத் என்ற ஜாதியாரின் எழுத்தைப் பற்றி. சீனாவுக்கு வடமேற்கே, பாலைவனத்தின் ஓரத்தில் வாழ்ந்தவர்கள். அவர்கள் தலைவன் யுவான்ஹாவ் என்பவன் 1038-ம் வருஷம் தன்னையே சக்கரவர்த்தி என்று பிரகடனம் செய்துகொண்டு மேற்கு ஷியா என்ற வம்சத்தை ஆரம்பித்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1036-ல், தன் ஜனங்களுக்கென்று புதிதாக ஓர் எழுத்தை உண்டாக்கச் செய்திருந்தான். மொத்தம் ஆறாயிரம் எழுத்துக்கு மேல்.

"ஆறாயிரமா! நமக்கு 247-க்கே பிரம்பு முறிந்ததே!" என்றாள் பெரியம்மா.

அந்த ராஜ்யம் 1227-ல் செங்கிஸ்கானின் சேனைகளால் அழிந்தது. எழுத்தும் காலக்கிரமத்தில் படிப்பாரற்றுப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் துவக்கத்தில் கோஸ்லாவ் என்ற ருஷ்ய ஆராய்ச்சிக்காரர், மணல் மூடிக் கிடந்த காரா கோட்டோ என்ற நகரத்தைத் தோண்டினார். அங்கே கிடைத்த சுவடிகளில் 1190-ல் எழுதின ஒரு சிறு அகராதியும் இருந்தது. தங்குத் சொல்லுக்குச் சீனச் சொல், இரண்டுக்கும் உச்சரிப்பு. அதைப் பிடித்துக்கொண்டுதான் அறிஞர்கள் மறுபடி வாசிக்கக் கற்றார்கள். இந்த வம்சத்து அரசர்களின் ஒன்பது சமாதிகள் சீனாவில் யின்சுவான் நகரத்துக்கு அருகே, மலையடிவாரத்தில் மண்மேடுகளாக நிற்கின்றன. 2025-ம் வருஷம் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

"அவன் இன்னொரு உத்தரவும் போட்டான், பாட்டி. எல்லோரும் தங்குத் வழக்கப்படி மூணு நாளைக்குள் தலையைச் சிரைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தலையே போய்விடும்!"

"பழனிக்கு நேர்ந்துகொண்டவன் போலிருக்கிறது" என்றாள் பெரியம்மா.

இந்த யுவான்ஹாவ் எங்களோடு காரில் ஏறிக்கொண்டவன், திருமுக்கூடல் கோயில் வரையில் இறங்கவே இல்லை. அதனால்தான் அவனைப் பற்றி இங்கே சொல்ல நேர்ந்தது.

திருமுக்கூடலில் எழுந்தருளியிருக்கும் பெருமாளுக்கு அப்பன் வேங்கடேசப் பெருமாள் என்று திருநாமம். அர்ச்சனைக்குத் தட்டைக் கொடுத்தோம். பட்டாசாரியார், "கோத்ரம்?" என்று கேட்டார். "பாரத்வாஜம்" என்றாள் பெரியம்மா. பேரன் பெயருக்கு என்று சொன்னதும் அவர் அதையே வைத்துச் சங்கல்பத்தை ஆரம்பித்தார். அம்பி இடைமறித்து, "எனக்கு ஸ்ரீவத்ஸம்" என்றான். அவன் சொன்னது சரிதான். வேறென்ன சொல்வான்? ஆனால் பெரியம்மா சட்டென்று ஒரு விநாடி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையைக் கூப்பிக்கொண்டாள்.

தரிசனம் ஆனதும் பிராகாரத்தில் வந்து உட்கார்ந்தோம். கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுவரெல்லாம் சுத்தமாக இருக்கின்றன. சுவர் என்றா சொன்னேன்? அதைப் புஸ்தகம் என்றே சொல்லலாம். 9-ம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட நிருபதுங்க பல்லவன் காலத்தில் இந்தப் பெருமாளுக்கு விளக்கு எரிக்கப் பொன் வைத்த செய்தி இங்கே கல்லில் இருக்கிறது. அதே நூற்றாண்டில், சுமார் 850-ல், தெற்கே விஜயாலயன் தஞ்சாவூரைப் பிடித்துச் சோழ வம்சத்தை மறுபடி நிலைநாட்டினான். அவன் வம்சத்தில் வந்த வீரராஜேந்திரன் தனது 6-ம் ஆட்சியாண்டில், அதாவது 1068-69 வாக்கில், வெட்டுவித்த சாசனம்தான் கிழக்குச் சுவரில் இருப்பது. திருமுக்கூடலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சாசனம் அது.

சாசனம் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? யுத்த பேரிகையோடு! கூடல் சங்கமத்தில் சாளுக்கியர்களை முறியடித்தது, ஆகவமல்லன் முதுகைக் காட்டி ஓடியதை ஐந்து தடவை பார்த்தது என்று மூச்சுவிடாமல் போகிறது. இவ்வளவு அமர்க்களத்துக்கும் பிறகு ராஜா கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகையில் சாவகாசமாக அமர்ந்து என்ன உத்தரவு போடுகிறான் என்றால், திருமுக்கூடல் கோயிலில் படிக்கிற பிள்ளைகளுக்குச் சாப்பாடு, பாய், விளக்கெண்ணெய், வியாதிக்காரர்களுக்கு மருந்து!

கோயிலின் ஜனநாத மண்டபத்தில் வேதமும் வியாகரணமும் சொல்லிக் கொடுக்க ஒரு கல்லூரி, பிள்ளைகள் தங்கிச் சாப்பிட ஒரு விடுதி, கூடவே ஓர் ஆஸ்பத்திரி. மொத்தம் 60 பேருக்குச் சாப்பாடு. பிள்ளைகள் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்காக, வருஷத்துக்கு 51 சனிக்கிழமைக்கு எண்ணெய் கணக்குப் போட்டிருக்கிறது. "52-வது சனிக்கிழமை லீவா?" என்று அம்பி கேட்டான்.

ஆஸ்பத்திரிக்கு வீரசோழன் என்று பெயர். 15 நோயாளிகள் படுக்க இடம். நோயாளி ஒருவருக்குத் தினம் ஒரு நாழி அரிசி. வைத்தியருக்கு வருஷத்தில் 90 கலம் நெல்லும் 8 காசும். ரண சிகிச்சை செய்கிறவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்சும் இருவருக்கு 60 கலமும் 2 காசும். நோயாளிகளைக் கவனித்து மருந்து கொடுக்கும் பெண்கள் இருவருக்கு 30 கலமும் ஒரு காசும். நாவிதர் ஒருவருக்கு 15 கலம், தண்ணீர் கொண்டு வருபவருக்கு 15 கலம். இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு. குடிக்கிற தண்ணீரில் போட ஏலக்காயும் வெட்டிவேரும் கூட உண்டு. இன்று நாம் ஆஸ்பத்திரியில் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம்!

சம்பளக் கணக்கைக் கேட்டுவிட்டுப் பெரியம்மா, "இரண்டு பெண்களுக்கும் சேர்த்துத்தான் 30 கலமா? ராத்திரி கண் விழிக்கிறவர்கள் அவர்கள்தானே!" என்றாள். எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

மருந்துப் பட்டியல் இன்னும் ருசிகரம். ஒரு வருஷத்துக்கு இருப்பில் வைக்க வேண்டிய 20 மருந்துகளின் பெயர்களைச் சாசனம் வரிசையாகச் சொல்கிறது. வாசா ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி, லசுனாதி ஏரண்ட தைலம், வில்வாதி கிருதம், கல்யாண லவணம்... நான் தயங்கித் தயங்கி வாசித்ததைப் பெரியம்மா ஒவ்வொன்றாக உரித்து வைத்தாள். "ஹரீதகின்னா கடுக்காய். வாசா ஆடாதோடை, இருமலுக்கு. பல்லாதகம் சேங்கொட்டை. லசுனம் பூண்டு, ஏரண்டம் ஆமணக்கு. வாயுவுக்கு அதை விட்டால் என்ன இருக்கிறது? உங்கள் பெரியப்பாவின் அம்மா இதெல்லாம் வீட்டிலேயே காய்ச்சுவாள்."

ஆயிரம் வருஷத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு கல்வெட்டை, ஒரு வார்த்தை சமஸ்கிருதப் பாடம் படிக்காத என் பெரியம்மா அடுப்பங்கரைப் பழக்கத்தால் வாசித்துவிட்டாள்!

இவ்வளவுக்கும் செலவு வயலைக்காவூர் என்ற கிராமத்தின் வரியிலிருந்து. சரி, இந்த ஏற்பாட்டைச் செய்த வீரராஜேந்திரன் கதி என்ன? சாசனம் வெட்டி இரண்டு வருஷத்துக்குள் அவன் காலமாகிவிட்டான். அவன் மகன் அதிராஜேந்திரன் 1070-ல் சிங்காதனம் ஏறினான். தனித்து ஆண்டது சில வாரங்களுக்கு மேல் இல்லை. விஜயாலயன் ஆரம்பித்து, ராஜராஜனும் ராஜேந்திரனும் கொடிகட்டிப் பறந்த ஆண் வழி, சுமார் 220 வருஷத்துக்குப் பிறகு அதோடு முற்றிற்று. இந்தக் கிழக்குச் சுவரை அந்த வம்சத்தின் கடைசி அத்தியாயங்களில் ஒன்று என்று சொல்லலாம்.

"அப்புறம் யார் ராஜா?" என்றான் அம்பி.

நேயர்களே, இப்பொழுதுதான் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ராஜா, பெண் வயிற்றுப் பேரன்!

கொஞ்சம் உறவு முறையைக் கவனித்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் நாம் பார்க்காத உறவு முறையா? முதலாம் ராஜராஜன் தன் பெண் குந்தவையை ஆந்திர தேசத்தில் வேங்கி நாட்டை ஆண்ட சாளுக்கிய விமலாதித்தனுக்குக் கொடுத்தான். குந்தவை என்பது தன் அக்காவின் பெயர். அதையே பெண்ணுக்கும் வைத்திருந்தான். அந்தக் குந்தவையின் பிள்ளை ராஜராஜ நரேந்திரன். நன்னயர் தெலுங்கில் மகாபாரதம் எழுத ஆதரவளித்தவன் இவனே. இவனுக்கு முதலாம் ராஜேந்திரன் தன் பெண் அம்மங்கையைக் கொடுத்தான். அம்மங்கைக்குப் பிறந்த பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரையே, ராஜேந்திரன் என்று, வைத்தார்கள். இந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன்கள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகச் சோழ சிங்காதனத்தில் அமர்ந்தார்கள். முதலாம் ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், நமது திருமுக்கூடல் வீரராஜேந்திரன். நடு மாமனின் பெண் மதுராந்தகியையே இவன் கல்யாணமும் செய்துகொண்டான். மாமன் மகள்! முறை தவறவில்லை.

பிள்ளை பிறந்ததும் கங்கைகொண்ட சோழனின் ராணி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, குழந்தையைக் கையில் எடுத்து அங்க லக்ஷணங்களைப் பார்த்து, இவன் நமக்கே மகனாகி நம் குலத்தை விளங்கச் செய்யத் தகுந்தவன் என்று பூரித்தாளாம். ஜெயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியில் இதைச் சொல்கிறார். யுத்தக் காவியத்தில் இப்படி ஒரு பாட்டி வருகிறாள் என்பதே எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இதைச் சொன்னபோது பெரியம்மா என்னை நிறுத்தச் சொல்லவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது.

அப்பா இறந்த பிறகு வேங்கி ராஜ்யமும் இவனுக்குச் சுலபமாகக் கிடைக்கவில்லை. சிற்றப்பன் விஜயாதித்தன் கைக்குப் போயிற்று. தெற்கே, வீரராஜேந்திரன் தன் பெண்ணை மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தனுக்குக் கொடுத்திருந்தான். ஆகவே 1070-ல் சோழ சிங்காதனத்தைச் சுற்றி ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் மருமான். மாப்பிள்ளை காஞ்சிக்கு வந்து கலகக்காரர்களை அடக்கி, கங்கைகொண்ட சோழபுரம் போய், மச்சான் அதிராஜேந்திரனைச் சிங்காதனத்தில் உட்கார வைத்துவிட்டு ஊர் திரும்பினான். அவன் துங்கபத்திரைக்குப் போனானோ இல்லையோ, மறுபடி கலகம் மூண்டு மச்சான் மாண்டதாகவும், மருமான் சிங்காதனத்தைப் பிடித்துக்கொண்டதாகவும் செய்தி வந்தது. இப்படிச் சொல்கிறவர் பில்ஹணர், மாப்பிள்ளையின் ஆஸ்தான கவி. மருமானின் கவியாகிய ஜெயங்கொண்டாரைக் கேட்டால், ராஜா இல்லாமல் நாடு சீர்குலைந்து கிடந்தது, நம்மவர் வந்து காப்பாற்றினார் என்கிறார். சம்பந்தி வீட்டுச் சண்டையில் எந்தப் பக்கத்துப் பேச்சை முழுசாக நம்ப முடியும்?

எப்படியானாலும் 1070-ம் வருஷம் ஜூன் மாதம் மருமான் ராஜாவானான். முதல் நாலைந்து வருஷம் தாத்தா பெயராகிய ராஜேந்திரன் என்றே சாசனங்களில் வருகிறான். பிறகுதான் குலோத்துங்கன். குலத்தை உயர்த்துகிறவன் என்று அர்த்தம். எந்தக் குலத்தை என்று கேட்பீர்கள். அப்பா வழியில் சந்திர குலத்துச் சாளுக்கியன். அம்மா வழியில் சூரிய குலத்துச் சோழன். இரண்டு குலத்துக்கும் உத்தமன் என்ற பொருளில் உபய குலோத்தமன் என்று பரணி அவனைப் புகழ்கிறது. ஆனால் நாட்டுக்கு அவன் வைத்துக்கொண்ட பெயர் அம்மாவின் பெயர். ஒரு புது வம்சத்தை ஆரம்பித்தவன், அதற்குப் பிறந்தகத்துப் பெயரையே வைத்தான்! இன்று சரித்திராசிரியர்கள் சாளுக்கிய சோழர் என்று ஒட்டுப் போட்டுச் சொல்கிறார்கள். அவனும் அவன் சந்ததியாரும் 1279 வரையில் வெறும் சோழர் என்றே ஆண்டார்கள்.

அவன் ஆண்டது சுமார் 50 வருஷம். வியாபாரிகளுக்குச் சுங்கத்தைத் தள்ளியதால் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் வாங்கினான். 1086-ல் நிலமெல்லாம் அளந்தான். 1077-ல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூது கோஷ்டி ஒன்று சீனாவின் ஸோங் சக்கரவர்த்தியிடம் போனது. கொண்டு போன காணிக்கையில் யானைத் தந்தம், கண்ணாடிச் சாமான், கற்பூரம், பன்னீர், கிராம்பு, இவற்றோடு பெருங்காயமும் இருந்ததாகச் சீனர்களின் குறிப்பில் இருக்கிறது. பதிலுக்கு 81,800 சரம் செப்புக் காசு கிடைத்தது. பெருங்காயத்துக்கு நல்ல விலைதான்!

"ஸோங் ராஜாவா? அவன்தான் யுவான்ஹாவிடம் தோற்றவன்!" என்று அம்பி குதித்தான்.

உண்மைதான். 1040 முதல் 1042 வரையில் மூன்று பெரிய போர்களில் ஸோங் படைகளை யுவான்ஹாவ் முறியடித்தான். 1044-ல் சமாதானம். பெயரளவில் யுவான்ஹாவ் சீனாவுக்குக் கீழ்ப்படிந்தவன். அதற்கு ஈடாகச் சீன அரசு வருஷந்தோறும் அவனுக்குப் பட்டும் வெள்ளியும் தேயிலையும் அனுப்ப வேண்டும். அதே 1044-ல்தான் இங்கே கங்கைகொண்ட ராஜேந்திரன் கண்ணை மூடினான்.

"யுவான்ஹாவுக்கு அம்மா பேரா, அப்பா பேரா?" என்று பெரியம்மா கேட்டாள். இவ்வளவு நேரம் அவள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் போலும்.

அம்பி விவரமாகச் சொன்னான். தாங் சக்கரவர்த்தி அந்தக் குடும்பத்துக்கு லி என்று தம் குலப் பெயரைக் கொடுத்திருந்தார். பிறகு ஸோங் சக்கரவர்த்தி ஜாவ் என்ற தம் பெயரைக் கொடுத்தார். யுவான்ஹாவ் இரண்டையும் தூக்கி எறிந்தான். தன் பாஷையில் வெய்மிங் என்று தனக்கென ஒரு குலப் பெயரைச் சூட்டிக்கொண்டான். யார் கொடுத்த பெயரும் வேண்டாம் என்ற வைராக்கியம்.

"கெட்டிக்காரன்தான். அவன் அம்மா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாள்" என்றாள் பெரியம்மா.

அம்பி என்னைப் பார்த்தான். மேலே சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையை ஆட்டுவதற்குள் சொல்லிவிட்டான். அம்மாவின் பிறந்த வீட்டார் தனக்கு விரோதமாகச் சதி செய்தார்கள் என்று 1034-ல் யுவான்ஹாவ் அந்தக் குடும்பத்தையே அழித்தான். பெற்றவளுக்கும் விஷம் கொடுத்தான்.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை.

முடிவும் அவனுக்கு நன்றாக இல்லை. பிள்ளைக்கு நிச்சயித்த பெண்ணைத் தானே எடுத்துக்கொண்டான். 1048-ல் அந்தப் பிள்ளை அப்பனை வெட்டப் போய், மூக்கை அறுத்துவிட்டான். அந்தக் காயத்திலேயே யுவான்ஹாவ் மாண்டான். பிள்ளைக்கும் மரண தண்டனை. ராஜ்யம் ஒரு கைக்குழந்தைக்குப் போய், குழந்தையின் தாய் வீட்டார் அதிகாரம் செய்தார்கள். ஆறாயிரம் எழுத்து உண்டாக்கினவன் வீட்டில் நடந்தது இது.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிராகாரத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஜனநாத மண்டபத்தில் 15 படுக்கை எப்படிப் போட்டிருப்பார்கள், விளக்கை எந்த மூலையில் வைத்திருப்பார்கள் என்று நான் மனசுக்குள் அளந்து பார்த்தேன்.

புறப்படும்போது பட்டாசாரியார், "மாட்டுப் பொங்கலன்று வாருங்கள், அம்மா. பார்வேட்டை உற்சவம் அமர்க்களமாக இருக்கும்" என்றார். அன்றைக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் அங்கிருந்து புறப்பட்டுப் பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளி, பிறகு ஆற்றைத் தாண்டித் திருமுக்கூடலுக்கு வருகிறார். சுற்றுப்பட்ட ஊர்ப் பெருமாள்களும் கூடுகிறார்கள். எனக்குப் பரணி ஞாபகம் வந்தது. குலோத்துங்கன் ஒரு சமயம் பரிவாரத்தோடு பாலாற்றங்கரைக்கு வேட்டையாட வந்து, அப்புறம் காஞ்சிபுரத்து மாளிகையில் தங்கியதாக ஜெயங்கொண்டார் பாடுகிறார். அங்கே இருந்துதான் கலிங்கப் படையெடுப்புக்கு உத்தரவு பிறந்தது. அந்த வேட்டைக்குப் பரிவேட்டை என்று பெயர், பெருமாளுடையது பார்வேட்டை. ராஜா வேட்டையாடிய அதே ஆற்றங்கரைக்கு இன்றும் பெருமாள் வேட்டைக்கு வருகிறார்.

பாலத்தின் மேல் காரை நிறுத்தச் சொல்லி அம்பி மறுபடியும் இறங்கினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, எது வேகவதி, எது செய்யாறு என்று என்னைக் கேட்டான். மேற்கே கையைக் காட்டினேன். காஞ்சிபுரத்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது வேகவதி. அவன் வெகு நேரம் பார்த்தான். காருக்குத் திரும்பி வந்ததும் பாட்டியின் பையைத் துழாவ ஆரம்பித்தான்.

"என்னடா வேண்டும்? முறுக்கா?"

முறுக்கு இல்லை. நாலாக மடித்த அந்தப் புரூப் காகிதத்தை எடுத்துப் புடவைப் பெட்டியின் மேல் விரித்து வைத்துக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து பென்ஸிலை எடுத்தான். அப்பா வழித் தாத்தா பெயருக்குக் கீழே இரண்டு வரிக்கு நடுவில் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் இடம் பண்ணிக்கொண்டான். வழக்கமான கிறுக்கல் எழுத்து இல்லை. ஸ்பஷ்டமான தமிழ் எழுத்து.

"பாட்டி, தாத்தா பேருக்கு முன்னாலே என்ன இனிஷியல்?" என்று கேட்டான்.

பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். சரியாகக் காதில் விழவில்லை என்று அம்பி இன்னொரு தரம் கேட்டான்.